கரடி எழுதி வைத்த அறக்கட்டளை

நீர்மருத மரங்கள் அடர்ந்த காட்டில் கருவாயி என்றொரு தாய்க் கரடி இருந்தது. அதன் இரண்டு குட்டிகளில் ஒன்றைச் செந்நாய்கள் கொன்றுவிட்டன. மிஞ்சியது செம்பி மட்டும்தான்.

ஒருநாள் திருட்டு வேட்டைக்கு வந்த ஒருவன் யானைக் கூட்டத்தைக் கண்டு மிரண்டு, துப்பாக்கியையும் தோட்டாப் பையையும் போட்டுவிட்டு ஓடினான். கருவாயி அவற்றை எடுத்து வைத்துக்கொண்டது. காட்டுத் தலைவியான கிழ யானை அதைக் கூப்பிட்டு விசாரித்தது. குட்டியைக் காக்கத்தான் வைத்திருக்கிறாள், முன்கோபக்காரி இல்லை என்று தெரிந்த பிறகு உரிமம் கொடுத்தது. ஆனால் துப்பாக்கியை வேறு யாரும் தொடக்கூடாது. கருவாயி செத்தால் அதை மடுவில் போட்டுவிட வேண்டும்.

கருவாயி ஒருமுறை வானத்தை நோக்கிச் சுட்டது. செந்நாய்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டன. ஆனாலும் அதற்கு நிம்மதி இல்லை. தேன் தேடிப் போகும்போதெல்லாம், நான் இல்லாத நேரத்தில் அவை வந்தால், நான் செத்தே போய்விட்டால் என்று மனசு அடித்துக்கொண்டது.

சட்டம் படித்த நரி ஒரு வழி சொன்னது. துப்பாக்கியை ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிடலாம். அறக்கட்டளைக்குச் சாவு கிடையாது. அதன் அறங்காவலர் யாராக இருந்தாலும் துப்பாக்கியை எடுக்கலாம். மூன்று பேராவது வேண்டும். கருவாயியும் செம்பியும் இருக்கட்டும், ஒப்புக்குத் தானும் இருப்பதாக நரி சொன்னது.

மூவரும் யானையிடம் போனார்கள். யானை தயங்கியது.

“உன்னை எனக்குத் தெரியும் அம்மா. நாளைக்கு நீங்கள் சேர்க்கும் ஆளை எனக்குத் தெரியாதே?”

“நாங்கள் யாரையும் சேர்க்கப் போவதில்லை.”

“பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே?”

“அது வழக்கமாக எழுதுவதுதான் அக்கா,” என்று நரி முந்திக்கொண்டது.

கருவாயி அதற்கு மேல் கேட்கவில்லை. இனித் தானே நினைத்தாலும் துப்பாக்கியைத் திரும்ப வாங்க முடியாது என்று யானை எச்சரித்துவிட்டுச் சம்மதித்தது.

மழைக்காலத்தில் கருவாயி காய்ச்சலில் விழுந்தது. நரி செம்பியிடம் இதமாகப் பேசியது. அம்மாவைப் பார்ப்பாயா, காவல் காப்பாயா, கழுதைப்புலியையும் அறங்காவலராகச் சேர்த்துக்கொள்வோம் என்றது. அம்மாவின் சுமை குறையுமே என்று செம்பி தலையாட்டிவிட்டது.

கருவாயி கண் விழித்தபோது துப்பாக்கி கழுதைப்புலியிடம் இருந்தது. அது குடிநீர்த் துறையில் பதுங்கி, தண்ணீர் குடிக்க வரும் மான்களைச் சுட்டது. நரிக்கும் பங்கு போனது. தான் தலையாட்டியதால் வந்த வினை என்று செம்பி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தது. பிறகு ஒரு காலையில் அம்மாவிடம் சொல்லாமல் துறைக்குப் போய், குறிவைக்கப்பட்ட மான்குட்டிக்கு முன்னால் நின்று, வேண்டாம் என்று கெஞ்சியது. குண்டு அதன் நெஞ்சில் பாய்ந்தது.

வெடிச் சத்தம் கேட்டுத் துறைக்கு வந்து பார்த்த கருவாயி, தள்ளாடித் தள்ளாடி யானையிடம் போய் விழுந்தது. குட்டிதான் குறுக்கே வந்தது என்று நரி ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தது.

“என் பிள்ளைக்கு நியாயம்கூட வேண்டாம். அந்தத் துப்பாக்கியை வாங்கி மடுவில் போடுங்கள்.”

“அவர்கள் பக்கம்தான் ஆட்கள் அதிகம். எனக்கு அதிகாரம் இல்லை.”

“நானும் அறங்காவலர்தானே? நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன்.”

யானையின் கண்கள் நிறைந்துவிட்டன. “கழுதைப்புலியின் தம்பியைச் சேர்த்துக்கொண்டு, செம்பி செத்த கையோடு உன்னை நீக்கிவிட்டார்கள். இனி நீ அதைத் தொட்டால், நான் உன்னைத்தான் பிடிக்க வேண்டும் அம்மா.”

கருவாயி துறைக்குத் திரும்பி, செம்பியின் உடம்பில் மொய்த்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சற்றுத் தள்ளி எங்கோ துப்பாக்கி வெடித்தது. கருவாயி தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தன் பிள்ளையைக் காக்க என்றாலும், கொல்லும் கருவியை யார் கைக்கும் போகும்படி எழுதி வைப்பவர் அந்தப் பிள்ளையின் உயிரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.