ஆள் வந்தால் சில்வண்டு ஏன் அடங்குகிறது

அந்தக் காலத்தில், பறவைக்கும் பூச்சிக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தபோது, மலையடிவாரக் காட்டில் சில்லான் என்றொரு சில்வண்டு இருந்தான். பல ஆண்டுகள் மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றைக் குடித்துக் கிடந்து, ஒரு கோடையில் மேலே வந்து, முதுகு பிளந்து தோலை உரித்துச் சிறகு பெற்றவன். மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் அவன் மனதில் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டுக்கு ஒரே சுரம்தான். ஏற்றமில்லை, இறக்கமில்லை. வெயில் ஏறும்போது விலாவை அதிரவைத்து ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை நிறுத்தமாட்டான். கேட்ட மந்திகள் பல் கூசுகிறது என்றன. உயிருள்ளது போடுகிற சத்தமாகவே இல்லை என்று மான்கள் வேறு பக்கம் மேயப் போயின. அதே வேங்கை மரத்தில் குடியிருந்த அணில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் சில்லான் பாடிக் களைத்து ஓய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து அவன் குரல் கேட்டது.

விலாவைத் தொட்டுப் பார்த்தான். அசைவில்லை. ஆனால் குரல் வந்துகொண்டேயிருந்தது.

“அக்கா, நான் பாடுகிறேனா?”

“இல்லையே,” என்றாள் அணில். காதை நிமிர்த்திக் கேட்டாள். “ஆனால் உன் பாட்டுதான். கூடவே யாரோ தட்டுகிறார்கள்.”

சில்லான் பறந்து போகவில்லை. கிளைக்குக் கிளை, இலைக்கடியில் ஒளிந்து ஒளிந்து ஓடையைக் கடந்தான். அங்கே ஒரு வெட்டவெளி. நடுவில் பட்டுப்போன மருதமரம். அதில் ஒட்டிக்கொண்டு மரங்கொத்தி அலகால் அடித்துக்கொண்டிருந்தான். உச்சிக்கொம்பில் கரிச்சான் குருவி. எவர் குரலையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுக்கிறவன் அவன். சில்லானின் சுரம் அவன் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆனால் முழுதாக வரவில்லை. நீளமாக ஓடிய சுரத்தை மரங்கொத்தி துண்டு துண்டாக நறுக்கியிருந்தான். ஒரு துண்டு போனதும் மூன்று தட்டு. மறுபடி ஒரு துண்டு. சில இடங்களில் ஒரே துண்டைக் கரிச்சான் திரும்பத் திரும்பச் சொல்ல, தட்டு வேகம் பிடித்தது. கீழே மயில்கள் ஆடின. பல் கூசுகிறது என்ற மந்திகள் ஆடின. வேறு பக்கம் மேயப் போன மான்களும் அங்கேதான் குதித்துக்கொண்டிருந்தன.

சில்லானுக்கு வயிறு எரிந்தது. தன் காலும் பட்டையின்மேல் தாளம் போடுவதைப் பார்த்தபோது இன்னும் எரிந்தது.

ஆட்டம் ஓய்ந்ததும் இலைக்கடியிலிருந்தே கேட்டான்: “இது யார் பாட்டு?”

“மரங்கொத்தி பாட்டு,” என்றது ஒரு மயில், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்தக் குரலை மரங்கொத்தி அடையாளம் கண்டுகொண்டான். “அண்ணே, நீங்களா? அது தெரியாமல் சொல்கிறது. பாட்டு உங்களுடையது. நான் தட்டு மட்டும்தான் சேர்த்தேன். என்ன இருந்தாலும் கரிச்சான் குரல் நகல்தானே. நாளைக்கு நீங்களே வந்து பாடுங்கள். காடே ஆடும்.”

சில்லான் ஓடையைக் கடந்து திரும்பினான். வீட்டுக்கு வந்தும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“மரியாதையாகத்தான் கூப்பிட்டான் அக்கா. திருடியவனுக்கு ஏன் அவ்வளவு மரியாதை?”

அணில் கொட்டையைக் கீழே வைத்தாள். “பாட்டை விடு. கூப்பிடுகிற வாய் எதைத் தின்கிற வாய் என்று யோசித்தாயா?”

யோசித்திருந்தான். மரங்கொத்திக்குப் பட்டைக்குள் இருக்கும் பூச்சிதான் சாப்பாடு. கரிச்சானோ பறக்கிற பூச்சியை நடுவானில் பிடிக்கிறவன். போகாமலே இருந்துவிடலாம். ஆனால் இத்தனை நாள் பாடி ஒருவரும் திரும்பிப் பார்க்காத பாட்டுக்கு மான் குதித்ததை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அதைப் பார்த்தபின் வேங்கை மரத்தில் தனியே உட்கார்ந்து பாட மனம் வரவில்லை.

மறுநாள் காலை போனான். வெட்டவெளியின் ஓரத்தில் நின்றபடியே நிபந்தனை போட்டான்.

“நீ மருதமரத்தில் இரு. நான் எதிரே இந்தப் புங்கமரத்தில் இருப்பேன். நடுவில் வெட்டவெளி. உன் மரத்தை விட்டு நீ வரக்கூடாது.”

“சரி அண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியம்,” என்றான் மரங்கொத்தி. உடனே சொன்னான். அவ்வளவு உடனே சொன்னதும் சில்லானுக்குப் பிடிக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. நகலில் இல்லாத ஏதோ ஒன்று அசலில் இருந்தது. சில்லானின் சுரம் மரங்களின் அடிவரை அதிர, அதன்மேல் மரங்கொத்தியின் தட்டு விழுந்தது. காட்டின் நாலு மூலையிலிருந்தும் கூட்டம் வந்து சேர்ந்தது. காட்டுப்பன்றிகள்கூடச் சேற்றை விட்டு வந்தன. சில்லானுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இருந்தாலும் ஒரு கண் மருதமரத்தின்மேலேயே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. ஆட்டத்தின் புழுதி எழுந்து வெட்டவெளியை மூடியது. அந்தப் புழுதிக்குள் தட்டுச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு வேறு இடத்திலிருந்து கேட்டது. பக்கத்திலிருந்து. சில்லான் குனிந்து பார்க்குமுன்பே அவன் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. புங்கமரத்தின் பட்டையில் நகம் உரசுகிறது. ஏறி வருகிறது.

சில்லான் சட்டென்று பாட்டை நிறுத்தினான்.

மரங்கொத்தியும் நின்றுவிட்டான். ஒரு சாண் தூரத்தில் அவன் அலகு இருந்தது. அலகின் நுனியில் மெல்லிய நாக்கு நீண்டிருந்தது. பறக்கலாமா என்று சில்லான் மேலே பார்த்தான். கரிச்சான் மருதமரத்தின் உச்சிக்கொம்பில் குந்தியபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். பறந்தால் அவன் வாய். இருந்தால் இவன் வாய்.

புழுதி அடங்கியது. காட்டில் ஒரு இலை விழுந்தாலும் கேட்கும்போல இருந்தது. கீழே ஆடியவர்கள் தூக்கிய காலைத் தரையில் வைக்கவில்லை. விரித்த தோகையோடு மயில்கள் அப்படியே நின்றன. அத்தனை கண்களும் புங்கமரத்தில் சில்லானையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவனுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை கண்கள் பார்க்கும்வரை இவனால் தன்னைத் தின்ன முடியாது. பாட்டு நின்றே போனால் பார்க்கமாட்டார்கள்.

நகர்ந்து நகர்ந்து ஒரு கிளை மேலே ஏறினான். உயிர்ப்பயம் முழுவதையும் விலாவுக்குக் கொண்டுவந்து பாடினான். மரங்கொத்தியின் அலகு தானாகப் பட்டையில் இறங்கியது. காத்திருந்த கால்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. பூமி அதிர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் காடு அப்படி ஆடியதில்லை.

“அந்த நிறுத்தம்,” என்று கேட்டுக்கொண்டேயிருந்தது கூட்டம். “அந்த நிறுத்தத்தை மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.”

வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்தபின் மரங்கொத்தி கீழ்க்கிளையில் நின்று பேசினான்.

“அண்ணே, அந்த நிறுத்தத்தை எப்படி நினைத்தீர்கள்?”

“நீ ஏன் என் மரத்துக்கு வந்தாய்? சத்தியம் செய்தாயே.”

“அவ்வளவு தூரத்திலிருந்து உங்கள் சுரம் எனக்குப் பிந்தி வந்து சேர்ந்தது. தட்டு தப்பிப்போனது. அதனால்தான் பக்கத்தில் வந்தேன்.”

“நாக்கை ஏன் நீட்டினாய்?”

மரங்கொத்தி அலகைப் பட்டையில் தேய்த்தான். “வாய் வறண்டிருந்தது,” என்றான்.

சில்லான் அவன் முகத்தையே பார்த்தான். பொய் சொல்கிறவன் முகமா, மெய் சொல்கிறவன் முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டு தப்பியது உண்மை. அது சில்லானுக்கும் கேட்டிருந்தது. நாக்கு நீண்டதும் உண்மை.

அதன்பின் அவர்கள் சேர்ந்தேதான் பாடினார்கள். பாட்டு மலை தாண்டிப் போனது. எல்லாக் காட்டிலும் அந்த நிறுத்தத்துக்காகவே கூட்டம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மரங்கொத்தி பாட்டின் எங்கோ ஓரிடத்தில் சில்லான் இருக்கும் மரத்தில் ஏறுவான். ஒவ்வொரு தடவையும் சில்லான் நிறுத்துவான். அது பாட்டுக்காக வருகிற காலா, பசிக்காக வருகிற காலா என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சில்லானின் பிள்ளைகள் பாட்டைக் கற்றபோது அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே கற்றார்கள்.

அன்று பிடித்த பழக்கம்தான் இது. மரத்தடியில் யார் காலடி வைத்தாலும் சில்வண்டு சட்டென்று அடங்கிவிடுகிறது. கேட்க வருகிறவன் காலடியும் தின்ன வருகிறவன் காலடியும் அதற்கு இன்றுவரை ஒன்றுபோலத்தான் கேட்கின்றன.