தட்டில் இருந்தது

கணையப் புற்றுநோய்க்கு அறுவை செய்வதில் டாக்டர் குழந்தைதெரஸுக்கு நல்ல பெயர். அதைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர் திருவேங்கடம். குருவைவிடச் சிஷ்யருக்கு வயது அதிகம். மாவட்ட ஆஸ்பத்திரியில் குடல்வாலும் குடலிறக்கமுமாகப் பாதி ஆயுளை ஓட்டியவர். சிஷ்யர் குருவை மேடம் என்பார். குரு சிஷ்யரை சார் என்பார். மரியாதைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

அன்று மேஜையில் படுத்திருந்தவர் கொம்பையா, லாரி ஓட்டுநர். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, ஸ்கேனில் கணையத்தில் கட்டி தெரிந்து வந்தவர். முந்தின நாள் அவர் திருவேங்கடத்திடம் ஒன்று கேட்டிருந்தார்.

"சார், எடுத்ததை எம்பொண்டாட்டிகிட்ட காட்டிருங்க. லாரியில ஒரு பார்ட் மாத்தினாக்கூட, கழட்டின பழசைக் கண்ணால பார்த்தாத்தான் அவ நம்புவா."

"காட்டாம இருப்போமா? எடுத்ததும் நானே கொண்டு போய்க் காட்டுறேன்."

அது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம்தான். வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்து, தியேட்டர் கதவைத் திறந்து, வெளியே நிற்கும் வீட்டாருக்குக் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

சாயங்காலம் வரை நடக்க வேண்டிய ஆபரேஷன். வயிற்றைத் திறந்ததும் குழந்தைதெரஸ் கணையத்தின் பக்கம் போகவில்லை. முதலில் கல்லீரல்மேல் மெதுவாகக் கையை ஓட்டினார். அங்கங்கே வெள்ளையாக, ரவை அளவில் பொட்டுகள். ஸ்கேனில் இவை தெரியவில்லை. ஒன்றை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். புற்றுநோய்தான் என்று பதில் வந்தது.

"பெரிய ஆபரேஷன் வேண்டாம் சார். மூடிடலாம்."

"கட்டி கைக்கு வருது மேடம். எடுத்துடலாமே?"

"கட்டி வரும். அதோட நோய் முழுசா வராது. மிச்சம் இருக்கிற நாளையும் இந்தக் காயத்தோட ஆஸ்பத்திரியிலேயே கழிச்சிடுவார்."

பித்தம் குடலுக்குப் போக ஒரு மாற்றுவழி, சாப்பாடு இறங்க ஒரு மாற்றுவழி, இவை மட்டும் செய்வதென்று முடிவாயிற்று. அதற்காகப் பித்தப்பையை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. தேங்கிய பித்தத்தில் புடைத்து, கத்தரிக்காய் போல இருந்தது அது.

"தையல் முடிச்சிட்டு நான் வந்து அவர் வீட்டுக்காரம்மாகிட்ட பேசுறேன்" என்றார் குழந்தைதெரஸ்.

திருவேங்கடம் முந்திக்கொண்டார். கெட்ட எண்ணம் இல்லை, பாவம். கதவுக் கண்ணாடியில் கொம்பையாவின் மனைவி ஆவுடையம்மாளின் முகம் தெரிந்தது. காலையிலிருந்து அந்த அம்மாள் உட்காரவே இல்லை. அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. பித்தப்பையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"இதைத்தாம்மா எடுத்தோம்" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"இவ்வளவு பெருசா?" ஆவுடையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அழுதார். சந்தோஷத்தில் வந்த அழுகை. அதைப் பார்த்ததும் திருவேங்கடத்துக்கும் மனசு லேசாகிவிட்டது.

கதவு மூடுவதற்குள் அந்த அம்மாள் மஸ்கட்டில் இருக்கும் மகனிடம் போனில் பேச ஆரம்பித்திருந்தார்.

"யய்யா, எடுத்தாச்சுய்யா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நீ ஒண்ணும் பதறியடிச்சு இன்னைக்கு பிளேன் ஏற வேண்டாம். லீவை வீணாக்காத. தீபாவளிக்கு வந்து அப்பாகூட சாவகாசமா இரு."

திருவேங்கடத்தின் காதில் அது விழுந்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடம் வந்து பேசிக்கொள்வார் என்று உள்ளே போய்விட்டார்.

தையல் முடித்துக் குழந்தைதெரஸ் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் ஆவுடையம்மாள் அவர் காலில் விழப் போனார். டாக்டர் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"கட்டியை எடுத்துட்டீங்களே தாயி. சார் காட்டினாங்க."

குழந்தைதெரஸ் நிமிர்ந்து பார்த்தார். திருவேங்கடம் சுவரோரம் நின்றிருந்தார்.

"அது பித்தப்பைம்மா. கட்டி உள்ளேதான் இருக்கு. ஈரலுக்கும் பரவிடுச்சு. எங்களால எடுக்க முடியல. இனி சாப்பாடு இறங்கும், அரிப்பு நிக்கும். மருந்து கொடுத்துப் பார்ப்போம். ஆனா குணமாக்க முடியாதும்மா."

ஆவுடையம்மாள் கத்தவில்லை. திருவேங்கடத்தைத்தான் பார்த்தார்.

"நீங்கதானே சார் காட்டினீங்க?"

ஆவுடையம்மாள் மறுபடியும் மகனைக் கூப்பிட்டார். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் அவன் குரல் கேட்டது.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேம்மா. என் லீவை அப்பவே வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே தீபாவளிக்குத்தான் விடுவாங்க. ஏம்மா, ஏன் பேச மாட்டேங்கிற? அப்பா முழிச்சிட்டாரா?"

போனை மடியில் கவிழ்த்துக் கையால் பொத்திக்கொண்டு ஆவுடையம்மாள் கேட்டார்: "தீபாவளி வரைக்கும் இருப்பாகளா?"

கேள்வி திருவேங்கடத்துக்கு.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் குழந்தைதெரஸ். "எப்படியாவது முன்னாடியே வரச் சொல்லுங்க. அவன் முதலாளிகிட்ட நான் வேணும்னாலும் பேசுறேன். போனைக் கொடுங்க."

பேசினார். மகன் அந்தப் பக்கம் அழுதான். முயற்சி பண்ணுவதாகச் சொன்னான்.

பிறகு டாக்டர்கள் இருவரும் கை கழுவும் இடத்துக்கு வந்தார்கள். திருவேங்கடம் குழாயைத் திறக்காமலே நின்றார்.

"நான் பொய் சொல்லல மேடம்."

"சொல்லல."

"கொம்பையாகிட்ட வாக்கு கொடுத்திருந்தேன். அந்த அம்மா அப்படி எதிர்பார்த்து நின்னாங்க. எதையாவது காட்டணும்னு தோணிச்சு. இப்ப அந்தப் பையன் லீவைக் கெடுத்துட்டேன்." பிறகு அவரே கேட்டார். "நீங்களா இருந்தா எதைக் காட்டியிருப்பீங்க மேடம்?"

குழந்தைதெரஸ் குழாயை மூடினார். ஈரம் சொட்டும் வெறும் கைகள் இரண்டையும் அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"இதை" என்றார். "கொம்பையா முழிச்சிருப்பார். அவரும் கேட்பார். நீங்க முன்னால போங்க சார்."