எச்சில் தொடாதவர்

"பிள்ளை ஒரு வாய் சோறு இறக்க மாட்டேங்கா, சாமி."

மடத்துக்குள் நுழைந்ததும் நெல்லைநாயகம் சொன்ன முதல் பேச்சு இதுதான். கும்பிடக்கூட மறந்துபோனார். கும்பிடுவதற்குக் கையும் இல்லை. இடுப்பில் பிள்ளை இருந்தது.

இருந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துப் பழகாத ஆள் அவர். அரிசிச் சிப்பத்தைத் தூக்குகிற மாதிரி வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தார். பிள்ளையின் பெயர் ஆவுடை. இரண்டு வயது முடிந்த பெண். கால் இரண்டும் தொங்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

சாமி என்றதும் நரைத்த தாடியும் சடைமுடியுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நெல்லைநாயகத்தைவிட நன்றாக இளையவர். பெரியசாமி சமாதியான பிறகு மடத்துக்குப் பொறுப்பேற்றவர். அதற்கு முன்னால் அங்கேயே தண்ணீர் இறைத்துக்கொண்டும், நெல்லைநாயகத்தை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தவர்தான். காவி கட்டிய பிறகும் அந்த அண்ணாச்சி மட்டும் மாறவில்லை.

நெல்லைநாயகத்துக்கு அதில் ஒரு மனக்குறை. நேற்று வரை வாளி தூக்கினவனிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று இத்தனை நாளும் வராமலே இருந்தார். இப்போது வேறு போக்கிடம் இல்லை.

அவர் மனைவி உலகம்மாள் ஐப்பசி மாதம் காய்ச்சலில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிகிற வரை அவருடைய அக்கா இருந்து, பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்து எதையோ புகட்டினாள். அவளுக்கும் குடும்பம் குட்டி இருக்கிறதே, போய்விட்டாள். பிறகு ஆவுடை பாலை மட்டும் குடித்தாள். அப்புறம் அந்தப் பாலும் பாதியானது.

நெல்லைநாயகமும் சும்மா இருக்கவில்லை. டின் டின்னாகச் சத்துமாவு வாங்கினார். பிஸ்கட் வாங்கினார். செல்போனில் பொம்மைப் படம் போட்டு முன்னால் நிறுத்தினார். பிள்ளை படத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

எடை பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். இன்னும் சில நாள் பார்ப்போம், இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றார். உடம்பு மட்டும் இல்லை, மூளையும் வளர்கிற வயது இது, இப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் நெல்லைநாயகத்தின் நெஞ்சில் தைத்துவிட்டது.

ஊருக்கே அரிசி அளக்கிறவர் ஐயா அவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடியை மோந்து பார்த்தே இது புதுசு, இது பழசு, இது எந்தப் பக்கத்து நெல் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் பிள்ளை பட்டினி.

சாமியிடம் திருநீறு போடச் சொன்னார். மந்திரிக்கச் சொன்னார். ஒரு கயிறு கட்டினாலும் சரி என்றார்.

சாமி பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"அவ அம்மா எப்படி ஊட்டுவா?" என்று கேட்டார்.

"எல்லாப் பொம்பளையும் ஊட்டுத மாதிரிதான்."

"குழையவா, பருக்கையாவா?"

தெரியவில்லை.

"பருப்பா, ரசமா?"

அதுவும் தெரியவில்லை.

"மடியில வச்சா, எதுத்தாப்ல உக்கார வச்சா?"

நெல்லைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணம் காட்சி பார்க்காத சாமி, பெற்றவனுக்குப் பரீட்சை வைக்கிறதா? "நான் சோறு போடாத நாளு உண்டா சாமி? வீட்டுல மூட்டை மூட்டையாக் கிடக்கு அரிசி," என்றார்.

"போட்டீங்க அண்ணாச்சி. ஊட்டுனது யாரு?"

நெல்லைநாயகம் பிள்ளையை மறு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

பிள்ளை முன்பு பேசுமா என்று சாமி கேட்டார். நாலு சொல் பேசும், இப்போது அதுவும் நின்றுபோச்சு என்றார் நெல்லைநாயகம். என்ன நாலு சொல் என்று கேட்டார் சாமி. அம்மா என்பாள், அது தெரியும். மற்ற மூன்றும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"உங்கள என்னன்னு கூப்பிடுவா?"

பிள்ளை அவரைக் கூப்பிட்டதில்லை.

"சோறு ஊட்டுத நேரத்துல நான் அந்தப் பக்கமே போறதில்ல, சாமி." குரல் இறங்கிவிட்டது. "எனக்குத்தான் உபதேசம் இருக்குல்லா."

இந்த உபதேசக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெரியசாமி தம்மிடம் வந்து சேர்கிறவர்களுக்கு மந்திரம் தந்திரம் ஒன்றும் கொடுக்க மாட்டார். ஆளுக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஒருத்தரிடம் "மெல்ல நட" என்பார். இன்னொருத்தரிடம் "கதவைச் சாத்தாதே" என்பார். நெல்லைநாயகம் போய் விழுந்து கும்பிட்ட அன்று அவருக்குக் கிடைத்த வாக்கியம், "எச்சிலைத் தொடாதே."

பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

அன்றோடு கடைக் காப்பி நின்றது. அடுத்தவர் வாய் வைத்த செம்பைத் தொடுவதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதில்லை. வீட்டிலும் முதல் ஆளாகத் தனி இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். என்ன கட்டுப்பாடு, என்ன வைராக்கியம் என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

அப்புறம் ஆவுடை பிறந்தாள். பிள்ளை என்றால் வாயும் எச்சில், கையும் எச்சில், தொட்டதெல்லாம் எச்சில். குளிப்பாட்டித் துடைத்துக் கொடுத்தால் தூக்குவார். பிள்ளை விரலை வாயில் வைத்ததும் இறக்கிவிடுவார்.

உலகம்மாள் கூப்பிடாமல் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு உட்காரும்போதெல்லாம் கூப்பிடுவாள். வாங்க, ஒரு வாய் ஊட்டிப் பாருங்க, இவ பண்ணுத கூத்த வந்து பாருங்க என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே தாயும் பிள்ளையும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னத்துக்குத்தான் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாள் எட்டிப் பார்க்கத் தோன்றியது. எழுந்திருக்கவும் செய்தார். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தால் இன்றைக்கு இப்படி வந்து முழிக்க வேண்டாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் சொல்ல வேண்டியவள் போய்விட்டாள்.

சாமி எழுந்து மடப்பள்ளிக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு தட்டில் குழைந்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். தட்டைக் கீழே வைத்தார்.

"ஊட்டுங்க."

நெல்லைநாயகம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை எதிரே உட்காரவைத்தார். ஒரு உருண்டை எடுத்து, தன் விரல் அவள் உதட்டில் பட்டுவிடாதபடி உயரத்தில் பிடித்தார். செம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறவர்கள் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

ஆவுடை வாயை இறுக்கிக்கொண்டாள். சோறு மூக்கில் விழுந்து மடியில் சிந்தியது.

அவள் மடியைப் பார்த்தாள். தட்டுக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளி அப்பாவிடம் நீட்டினாள்.

நெல்லைநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிட்டார்.

மறுபடியும் உருண்டை பிடித்தார். மறுபடியும் வாய் மூடிக்கொண்டது. மறுபடியும் அவள் அள்ளி நீட்டினாள். மறுபடியும் துடைத்தார், இந்தத் தடவை விரல் விரலாக.

"பாத்தீங்களா சாமி? தெனமும் இதான் நடக்கு. திங்க மாட்டா, அளைஞ்சு விளையாடுவா."

சாமி அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

பிறகு தாமே பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது போதாது என்று குனிந்தார். அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. சோற்றைத் தொடவில்லை. பேசவும் இல்லை. சும்மா இருந்தார்.

ஆவுடை அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தட்டில் கை விட்டு அள்ளினாள். நீட்டினாள்.

சாமி வாயைத் திறந்தார்.

அவள் விரலோடு சேர்த்து உள்ளே திணித்தாள். ஊரே விழுந்து கும்பிடுகிற மனிதர், இரண்டு வயசுப் பிள்ளையின் எச்சில் கையிலிருந்து வாங்கி, மென்று விழுங்கினார். நெல்லைநாயகத்தின் கை தானாகத் துண்டுக்குப் போனது.

சாமி ஒரு சின்ன உருண்டை எடுத்தார்.

ஆவுடை வாயைத் திறந்தாள்.

எனக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். அவ்வளவுதான் வித்தை. தட்டில் கால்வாசி குறைந்தது. நடுவில் ஒரு தடவை சாமியின் மூக்கில் பருப்பு ஒட்டிக்கொள்ள, அவள் எச்சில் வழியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நெல்லைநாயகம் கேட்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்.

உலகம்மாள் சாப்பிட்டாளா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டு வைத்து அவள் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. அவள் சாப்பிட்டது இந்தப் பிள்ளையின் கையிலிருந்துதான் என்று இப்போது தெரிந்தது.

இத்தனை நாளும் பிள்ளை அளைந்து விளையாடவில்லை. அம்மா இல்லாத வீட்டில், மிச்சமிருக்கிற ஒருத்தருக்கு ஊட்ட வந்திருக்கிறாள். அவர் துடைத்துத் துடைத்து அனுப்பியிருக்கிறார்.

"அப்போ, பெரியசாமி சொன்னது?" என்று கேட்டார்.

"நீங்க மொதல்ல வந்த அன்னைக்கு நானும் பக்கத்துல நின்னேன்லா," என்றார் சாமி. "வந்ததும் என்ன பேசினீங்க? யோசிச்சுப் பாருங்க."

நெல்லைநாயகம் யோசித்தார். கீழத்தெருவில் ஒருத்தர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. யாரோ பார்த்து, யாரோ சொல்லி, காதோடு காதாக இவரிடம் வந்தது. அதைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்ப் பெரியசாமி முன்னால் கொட்டினார். கொட்டிவிட்டுத்தான் விழுந்து கும்பிட்டார்.

"அடுத்தவன் வாயில கிடந்தத எடுத்து உங்க வாயில போட்டுக்கிட்டு வந்தீங்க, அண்ணாச்சி. பெரியவரு சொன்ன எச்சில் அது."

காப்பியை விட்டார். பந்தியை விட்டார். பெற்ற பிள்ளையை விட்டார். ஊர்வம்பை மட்டும் மனுஷன் இன்று வரை விடவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

சாமி தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் அண்ணாச்சியை மெச்சியபோது தானும் சேர்ந்து மெச்சியதாகச் சொன்னார். வீடு தேடி வந்து சொல்லியிருக்க வேண்டும், தன் பேரிலும் தப்பு இருக்கிறது என்றார்.

பிறகு தட்டை நெல்லைநாயகத்தின் பக்கம் நகர்த்தினார்.

நெல்லைநாயகம் பிள்ளைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தூரத்தில் போட்டார். முதுகு வலிக்கக் குனிந்தார். வாயைத் திறந்தார்.

ஆவுடை தட்டில் கை விட்டாள். அள்ளினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

அப்புறம் அவள் தானாகவே அந்தக் கையைத் தன் கவுனில் துடைத்துக்கொண்டாள். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

நெல்லைநாயகம் அழுதார். திறந்த வாயை மூடாமலே அழுதார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே எனக்குத் தருவாளா, சாமி?"

"பேசாதீங்க அண்ணாச்சி," என்றார் சாமி. "பேசினா வாய் மூடிரும்."