தலைவர் தேர்ந்தெடுத்த புரொப்பெல்லர்

ரிமோட்டில் பறக்கவிடும் எங்கள் குட்டி விமானச் சங்கத்தின் தலைவர் ஜம்புலிங்கம் செய்த அநியாயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

போட்டிக்குப் போகும் சங்கத்து விமானம் மூக்கை வானத்துக்குக் காட்டி அந்தரத்தில் நிற்க வேண்டுமாம். அதற்கு அதிவேக மோட்டாரையும், மூக்கில் சுழலும் விசிறியாக இருப்பதிலேயே பெரிய புரொப்பெல்லரையும் பூட்டச் சொன்னார்.

"இந்த வேகத்துக்குச் சின்னதுதாங்க சரி. பெருசு போட்டா மோட்டார் எரிஞ்சிரும்" என்றான் விமானம் பூட்டும் ஆரோக்கியம்.

"நீ பூட்டுறவன். தேர்ந்தெடுக்கிறது நான்."

ஏறிய வேகத்தில் மோட்டார் புகைந்து விமானம் விழுந்தது. உடனே பழி ஆரோக்கியத்தின் மேல்.

"பூட்டத் தெரியாதவன் இனி மைதானத்துல கால் வைக்கக் கூடாது" என்றார் தலைவர், எல்லோர் முன்னாலும்.

ஆரோக்கியம் கை கட்டி நின்றான். "என் கைதாங்க தப்பு. உங்க சொந்த விமானத்துலயும் இதே மோட்டார்தானே? இந்தப் பெரிய புரொப்பெல்லரை உங்க கையாலயே அதுல பூட்டிப் பறக்கவிடுங்க. பார்த்துக் கத்துக்கிட்டுப் போயிர்றேன்."

தலைவர் தன் விமானத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னைக்குக் காத்து சரியில்ல."

அதன் மூக்கில் சின்ன புரொப்பெல்லர் இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம்.

ஆரோக்கியம் அடுத்த விமானத்தைப் பூட்ட உட்கார்ந்தான். தலைவர்தான் காரைத் தேடிப் போனார், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல்.