டிராயருக்குள் பத்தொன்பது பேர்

ஒரு பல்கலைக்கழகத்தில் வேதநாயகி என்று ஒரு பேராசிரியை. குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசல் மிதித்திராத பிள்ளைகளைத் தேடிப்போய்ப் படிக்க வைப்பதற்கென்று அங்கே ஒரு பிரிவு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவன் சேந்தன். ஒரு மலையூர்ப் பிள்ளைகள் அவன் பொறுப்பு. நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் மலையேறிப் பாடம் சொன்னவன். அந்த வருடம் பத்தொன்பது பேர் பிளஸ் டூ தேறினார்கள். பத்தொன்பது பேரும்தான்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் சேந்தன் பேராசிரியையின் அறைக்கு வந்தான்.

“எல்லாருக்கும் நானே போட்டு முடிச்சிட்டேன் மேடம். ஒண்ணு பாக்கியில்ல.”

“நல்லது. அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?”

“காலையில ஜீவிதா போன் பண்ணா. ‘எனக்கு என்ன போட்டீங்கண்ணா’ன்னு கேட்டா. வரலாறுன்னேன்.”

“அவ என்ன கேட்டிருந்தா?”

“இயற்பியல். அவ மார்க்குக்கு அது கஷ்டம் மேடம். வரலாறுன்னா கண்டிப்பா கிடைக்கும். அதைச் சொன்னேன்.”

“அதுக்கு அவ?”

“‘சரிங்கண்ணா’ன்னா. வெச்சுட்டா. நல்லதுதானே மேடம் செஞ்சேன்? அந்த ‘சரிங்கண்ணா’ ஏன் என்னை இந்தக் குடை குடையுது?”

பேராசிரியை கையை நீட்டினார். “உன் போனைக் குடு.”

கொடுத்தான். அதை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சரி, லேபுக்குப் போ. நாளன்னிக்கு வந்து வாங்கிக்கோ.”

“மேடம்!” பதறிப்போனான். “ஏதாவது திருத்தணும்னா நாளைக்கு அஞ்சு மணியோட கடைசி. அத்தனை பேருக்கும் ஓடிபி அதுலதான் வரும். பாஸ்வேர்டு எல்லாமே அதுலதான் இருக்கு.”

“அப்போ பத்தொன்பது பேரும் இப்ப என் டிராயருக்குள்ள இருக்காங்க.”

சேந்தன் மேஜைப் பக்கம் ஓரடி வைத்தான்.

“உன் நம்பரை ஏன் குடுத்தே?”

“மலையில சிக்னலே கிடையாது மேடம். நாலு வருஷமா போறேன், ஒரு கோடுகூட வந்ததில்ல.”

“காலையில ஜீவிதா எங்க நின்னு பேசினா?”

அதைச் சேந்தன் கேட்டதே இல்லை.

பேராசிரியை டிராயரைத் திறந்து போனை எடுத்து அவனிடமே கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினான். எங்கே நின்று பேசினாள் என்று ஜீவிதாவிடம் கேட்டான். அவள் கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டி, சரிவில் ஏறி, ஒரு மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். போனில் மூன்று கோடு நின்றது.

“இதுகூடத் தெரியாமலா நாலு வருஷம் வந்தீங்க?” என்றாள் கூட வந்த இன்னொரு மாணவி. “எங்க ஊர்ல காதுகுத்துக்கு ஆள் கூப்பிடறதே இங்கேர்ந்துதான்!”

பத்தொன்பது பேரும் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அவர்கள் கொண்டுவந்ததில் இணையம் வருவது ஏழு போன்தான்; மற்றதெல்லாம் பட்டன் போன். ஒவ்வொருவராக உட்கார்ந்து தங்கள் வீட்டு நம்பரைப் போட்டார்கள், பாஸ்வேர்டை மாற்றினார்கள். பெரும்பாலானவர்கள் அவன் போட்ட பாடத்தையே வைத்துக்கொண்டார்கள். நாலு பேர் மாற்றினார்கள். அவன் ஒவ்வொருவர் தோளுக்கு மேலேயும் எட்டி எட்டிப் பார்த்தான்.

“அண்ணா, தள்ளி நில்லுங்க. சிக்னலை மறைக்கிறீங்க.”

பாறை முழுக்கச் சிரிப்பு. சேந்தன் தள்ளி நின்றான்.

ஜீவிதா கடைசி. மணி நாலு நாற்பது. வரலாற்றை நீக்கினாள். மூன்று கல்லூரிகளில் இயற்பியல் போட்டாள்.

“நாலாவதா வரலாறும் இருக்கட்டுமே?”

“இருந்தா அதைத்தாண்ணா குடுப்பாங்க. எனக்கு வேணாம்.”

“ஒண்ணுமே கிடைக்கலேன்னா?”

அவள் அப்பாவின் போனில் வந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஆறு எண். அழுத்தினாள். சேந்தன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அன்றைக்கே பேராசிரியையின் முன்னால் வந்து நின்றான்.

“பதினெட்டு பேருக்குக் கிடைச்சிடுச்சு. ஜீவிதாவுக்கு இல்ல. நான் போட்டபடியே விட்டிருந்தா பத்தொன்பதும் வந்திருக்கும். ஒண்ணு போச்சு மேடம்.”

“அவகிட்ட சொல்லிட்டியா?”

“அவதான் எனக்குச் சொன்னா. அவங்க அப்பா போனுக்குத்தானே வருது.”

“அழுதாளா?”

“அழுதா. அப்புறம் காலேஜுக்கு அவளே போன் போட்டிருக்கா. இந்தப் பட்டியல்ல யாராவது சேராம விட்டா இடம் காலியாகுமாம். திங்கட்கிழமை அடுத்த பட்டியலாம். எனக்கே தெரியாது மேடம், அவ சொல்லித்தான் தெரியும்.”

“இப்ப எங்க இருக்கா?”

“பஸ்ல. நேர்லயே போய்க் கேட்கறேன்னு கிளம்பிட்டா. நானும் வரட்டுமான்னு கேட்டேன். ‘வேணும்னா கூப்பிடறேண்ணா’ன்னுட்டா.”

பேராசிரியை அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்புறம் என்ன போச்சுங்கறே?”