கீழே விடக் கூடாத பந்து

தூத்துக்குடியில் ஒரு பேண்டு செட் இருந்தது. ஆட்கள் மூன்றே பேர். டிரம்பெட் செல்லப்பழம், பெரிய டிரம் சவரிமுத்து, ஜால்ரா இசக்கிராஜ். மூன்று பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே ஒரு மூளையைக் கொடுத்திருந்தார். அன்றன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

செல்லப்பழத்துக்கு ஒரு தொந்தரவு. ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனை குட்டி போட்ட மாதிரி சத்தம் வரும். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் உச்சத்தைத் தொடப்போன நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. அது டிரம்பெட் வழியாக வெளியே வந்ததில் குதிரை மிரண்டு, மாப்பிள்ளையோடு துறைமுகம் வரை போய்விட்டது.

இந்த வருஷம் அரிசி ஆலை கோமதிநாயகத்தின் மகளுக்குக் கல்யாணம். மறுபடியும் குதிரை, மறுபடியும் மழைக்காலம்.

"வே செல்லப்பழம், ஒரு இருமல் கேட்டாலும் அடுத்த தெரு செட்டைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் இந்த ஊருல ஊதுறதுக்கு உமக்கு பலூன்கூடக் கிடைக்காது, பாத்துக்கிடும்" என்றார் கோமதிநாயகம்.

செல்லப்பழம் பயந்துபோய் எபனேசர் மாஸ்டரிடம் ஓடினான். மாஸ்டர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சீனத்துத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போதெல்லாம் அங்கத்துக் கிழவர்களோடு நின்று சீகோங் பழகியவர். பருவம் மாறும்போது உடம்பையும் மூச்சையும் பக்குவப்படுத்திக்கொள்ளும் பயிற்சி அது. கடற்கரைப் பூங்காவில் காலையில் கற்றுக்கொடுப்பார். மற்ற இரண்டு பேரும் கூடவே சேர்ந்துகொண்டார்கள்.

முதல் நாள் மாஸ்டர், "கால் ரெண்டும் மரம் மாதிரி தரையில வேர் விடணும்" என்றார். மறுநாள் சவரிமுத்து மண்வெட்டியோடு வந்து, முழங்கால் அளவு குழி தோண்டி உள்ளே நின்றான். இசக்கிராஜ் சாணி உரம் போட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

அடுத்து, "உங்க நுரையீரலைப் பார்த்துப் புன்னகை செய்யுங்க" என்றார். குனிந்து பார்த்தார்கள், தொப்பைதான் தெரிந்தது. கலந்து பேசி, சட்டையைக் கழற்றிவிட்டு ஒருவர் நெஞ்சைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த பெண்கள் அன்றோடு வேறு பாதையில் போக ஆரம்பித்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில்தான் பந்துப் பாடம்.

"ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு பந்து இருக்கிறதா நினைச்சுக்கோங்க" என்று மாஸ்டர் கைகளை வயிற்றுக்கு நேரே பிடித்தார். "அதுதான் உங்க உயிர்ச்சக்தி. அதை அழுத்தக் கூடாது. கீழயும் விடக் கூடாது. நான் சொல்லுற வரைக்கும் அப்படியே வச்சிருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டியது. மாஸ்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடிவிட்டார்.

மூன்று பேரும் பந்தைப் பிடித்த கையை எடுக்காமல் மழையில் நின்றார்கள்.

"மாஸ்டர் தன்னோட பந்தைக் கீழ போட்டுட்டுல்லா ஓடுதாரு?" என்றான் இசக்கிராஜ்.

"பாவம், அவசரத்துல விட்டுட்டாரு. உருண்டு எங்க போச்சோ" என்றான் சவரிமுத்து.

"அவரு பெரிய ஆளு, தாங்கிக்கிடுவாரு. எனக்கு இன்னைக்குக் கச்சேரி இருக்குவே, நான் விட மாட்டேன்" என்றான் செல்லப்பழம். பந்து நனையாமல் இருக்கக் குனிந்தபடியே நடந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார். "கம்பியைப் பிடிங்கவே! விழுந்து தொலைக்கப் போறீரு."

"கை சும்மா இல்ல அண்ணாச்சி."

கண்டக்டர் அந்தக் கைகளை உற்றுப் பார்த்தார். காலையிலேயே இந்த நிலைமையா என்று முனகிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

வீட்டில் செல்லப்பழத்தின் மனைவி பேச்சித்தாய் இட்லி வைத்தாள். கணவன் கையை எடுக்கவில்லை.

"இறக்கி வச்சிட்டுச் சாப்பிடுங்களேன்."

"கீழ விடக் கூடாதுட்டி."

"சாயங்காலம் இந்தக் கையை வச்சிக்கிட்டு எப்படி ஊதப் போறீங்க?"

செல்லப்பழத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தை விட்டால் மூச்சு போகும். விடாவிட்டால் டிரம்பெட்டைப் பிடிக்க முடியாது. இரண்டில் எது நடந்தாலும் அடுத்த தெரு செட்டுக்குக் கொண்டாட்டம்.

மற்ற இரண்டு பேரும் அதே கோலத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆலோசனை நடந்தது.

"அண்டாவுல போட்டு மூடி வைப்போமா?"

"மூச்சு முட்டும்லா?"

"பரண்மேல வைப்போமா?"

"எலி கடிச்சா?"

கடைசியில் சவரிமுத்துவின் முகம் பிரகாசமானது. அன்றைக்கு மூளை அவனிடம் இருந்தது. "என் டிரம்முக்குள்ள காலியாத்தானே கிடக்கு! அதுல போட்டுட்டா நம்ம கூடவே வருமே!"

டிரம்மைத் திறக்க அவர்களுக்குக் கை இல்லாததால், பேச்சித்தாய்தான் திருகுகளைக் கழற்றித் தோலை எடுத்தாள். மூன்று பேரும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் பந்துகளை உள்ளே விட்டார்கள். இருட்டில் பயப்படாமல் இருக்கச் செல்லப்பழம் ஒரு தடவை உள்ளே பார்த்துச் சிரித்துவிட்டு மூடச் சொன்னான்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. குதிரைமேல் மாப்பிள்ளை ஏறினார். செல்லப்பழம் டிரம்முக்குப் பக்கத்திலேயே ஒட்டி நின்று ஊதினான். இருமல் இல்லை, இழுப்பு இல்லை. கோமதிநாயகம் தலையை ஆட்டி ரசித்தார். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினார்.

"என்னவே, பெரிய டிரம் சத்தத்தையே காணோம்?"

சவரிமுத்து கோலை ஓங்குவான், தோலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நிறுத்திவிடுவான். ஜால்ராவையும் பந்துகள் பதறிவிடாமல் இசக்கிராஜ் தடவித்தான் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள எங்க உயிர் இருக்கு அண்ணாச்சி. அடிச்சா நசுங்கிரும்" என்றான் சவரிமுத்து.

"இங்க கொண்டாலே அதை!" கோமதிநாயகம் கோலைப் பிடுங்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். டம் என்றது. தெருவே அதிர்ந்தது.

செல்லப்பழம் டிரம்பெட்டைப் போட்டுவிட்டு டிரம்மைத் திறந்தான். உள்ளே கையைவிட்டுத் துழாவினான். "காணோம்வே! ஒண்ணுகூட இல்ல!" சொன்ன கையோடு இருமல் வந்துவிட்டது. அடங்காத இருமல்.

ஊர்வலம் நின்றது. என்ன காணோம் என்று ஒருவர் கேட்க, பந்து என்று இன்னொருவர் சொல்ல, கல்யாணக் கூட்டம் முழுவதும் குனிந்து தேட ஆரம்பித்தது. சம்பந்தியம்மாள் பட்டுச்சேலையை உதறிப் பார்த்தாள். மாப்பிள்ளையை ஒரு காலைத் தூக்கச் சொன்னார்கள்.

பெண் வீட்டில் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கிறார்கள். கோமதிநாயகத்துக்கு வியர்த்தது. இந்த நேரத்தில் அடுத்த தெரு செட்டை எங்கே போய்த் தேடுவது? அவருக்கு ஒரு தந்திரம் தோன்றியது. சாக்கடை ஓரமாகக் குனிந்து, காற்றை அள்ளி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"இந்தாரும்வே, கிடைச்சுட்டு. வாங்கிக்கிட்டு ஊதும்."

செல்லப்பழம் இருமிக்கொண்டே அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். மற்ற இருவரும் பார்த்தார்கள். மூவரும் கூடிப் பேசினார்கள்.

"இது எங்களுது இல்ல அண்ணாச்சி" என்றான் செல்லப்பழம். "எங்களுது இவ்வளவு பெரிசு கிடையாது. இது மாஸ்டரோடது. காலையில தவற விட்டுட்டாரு."

"என்ன எழவுவே இது!" என்று அவர் கையை உதறப் போனார்.

"விட்டுராதீங்க!" என்று கூட்டமே அலறியது. அவருடைய சொந்த மனைவியும் அலறினாள். "ஒரு மனுஷனோட உயிருங்க! நல்ல காரியம் நடக்குற நாளு!"

கோமதிநாயகம் கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர் வீடு இந்தா, திருப்பத்துலதான் இருக்கு" என்றான் செல்லப்பழம். "அவருதை அவருகிட்ட கொடுத்துட்டு, எங்களுக்கு வேற பந்து வாங்கிக்கிடுவோம். உடனே இருமல் நின்னுரும்."

ஊர்வலம் திரும்பியது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் முன்னே, கையேந்திய கோமதிநாயகம் அவற்றின் பின்னே, குதிரைமேல் மாப்பிள்ளை, கடைசியில் சீர்த்தட்டுகள்.

எபனேசர் மாஸ்டர் கதவைத் திறந்தார். காலையில் மழையில் ஓடியதில் நல்ல ஜலதோஷம். தலையில் மப்ளர், மூக்கு தக்காளிப்பழம், வாயைத் திறந்தால் இருமல்.

"பாத்தீரா! பந்தைக் கீழ போட்டா இதுதான் கதி" என்றான் இசக்கிராஜ்.

கூட்டம் பயபக்தியோடு தலையசைத்தது. கோமதிநாயகம் ஏந்திய கையை முன்னால் நீட்டினார். "மாஸ்டர், இதைப் பிடியும். எனக்குக் கை கடுக்குது" என்றார்.

மாஸ்டர் குதிரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், அந்த வெறுங்கையைப் பார்த்தார். கப்பலில் பல பேரைப் பார்த்தவர். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

வாங்கிய அடுத்த நொடி அவருக்குத் தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் இல்லை, கப்பல் சங்கு. கை இரண்டும் விசிறிப் பறந்தன. குதிரை மிரண்டு, முன்னங்கால்களைத் தூக்கி, துறைமுகத்தைப் பார்த்துப் பறந்தது.

கூட்டம் திகைத்து நின்றது. செல்லப்பழத்துக்கு மட்டும் நொடியில் விளங்கிவிட்டது. இருமல் போன இடம் தெரியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, டிரம்பெட்டே தோற்கும் குரலில் கத்தினான்.

"பந்து அந்தப் பக்கம்தான் போகுது! குதிரை கரெக்டாத் துரத்துது! மாப்பிள்ளே, விட்டுராதீங்க, ரெண்டு கையாலயும் பிடிங்க!"

நல்ல மாப்பிள்ளை. பெரியவர்கள் சொன்னால் தட்டமாட்டார். கடிவாளத்தை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.