தவிட்டுக்குருவிகள் எதற்காகச் சண்டை போடுகின்றன?

பருந்தும் அணிலும் ஓணானும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் வாய் திறக்கவே பயப்படும். நம்ப மாட்டீர்கள். இன்று வேலியோரத்தில் காது கிழியக் கத்துகிறதே, அதே குருவிகள்தான். அன்று அவை சருகைப் புரட்டும்போதுகூடச் சத்தம் வராமல் புரட்டின.

காரணம், வல்லூறு. கண்மாய்க்கரைப் பனைமரத்தில் அது குடியிருந்தது. இந்தக் குருவிகளோ தரையில் இரை தேடுபவை. ஒரு பூச்சியைக் கொத்தப் போகும், உடனே வானத்தைப் பார்க்கும், அதற்குள் பூச்சி ஓடிப்போகும். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், யாருக்கும் வயிறு நிரம்பவில்லை. அப்படியும் வல்லூறு வந்தபடிதான் இருந்தது. ஒருநாள் மாயாண்டி என்ற குருவியின் வாலைப் பிடுங்கிக்கொண்டு போனது. உயிர் தப்பியதே பெரிய காரியம். அதன் பிறகு மாயாண்டி புதரை விட்டு வெளியே வருவதே இல்லை.

அது குஞ்சுகள் கூட்டிலிருந்து இறங்கிய சமயம். தவிட்டுக்குருவிக் குஞ்சுகளுக்கு அவசரம் அதிகம், பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டுக் குதித்துவிடும். வேலமரத்தடியில் தத்தித் தத்தித் திரிந்தன. இனிமேல் ஒளிந்தே பிழைக்க முடியாது என்று பெரியவர்களுக்குத் தெரிந்துபோனது.

"ஒருத்தர் மேல உக்காந்து பாத்துக்கிட்டா, மத்தவங்க நிம்மதியா இரை பொறுக்கலாம்" என்றாள் வீறாயி.

நல்ல யோசனைதான். ஆனால் யார் உட்காருவது? மர உச்சியில் தனியாக இருந்தால் வல்லூறு முதலில் பார்ப்பது அந்த ஆளைத்தானே. ஒருத்தி சிறகைக் கோதினாள். ஒருவன் இல்லாத பூச்சியைத் தேடினான். மாயாண்டி புதருக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தான்.

"சரி, நானே போறேன்" என்றாள் வீறாயி. பெயருக்கு ஏற்ற ஆள்.

வேலமரத்து உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தாள். வல்லூறு கிளம்பும்போதெல்லாம் ஒரு கத்து கத்தினாள். அந்த நொடியே எல்லாரும் குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தார்கள். வல்லூறு ஒவ்வொரு முறையும் வெறுங்காலோடு திரும்பியது. குருவிகள் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டார்கள்.

வல்லூறு முட்டாள் இல்லை. பறப்பதை நிறுத்திவிட்டு, பனையில் இருந்தபடியே பேச ஆரம்பித்தது.

"வீறாயி, உன்ன மாதிரி தைரியசாலிய நான் பாத்ததே இல்ல."

அவள் பனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கீழ மட்டும் எறங்கிறாத தாயி. நீ எறங்கிட்டா அந்தக் குஞ்சுகளுக்கு வேற யாரு இருக்கா? அந்தப் பயந்தாங்கொள்ளிகள நம்பியா விடுவ?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கீழேயிருந்து யாராவது "நீ சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறங்கியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அவள் இருக்கிற தைரியத்தில் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். கெட்டவர்கள் இல்லை, நெடுநாள் பசி. ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் கோபம்தான்.

மறுநாளும் அவள் இறங்கவில்லை. பசி வயிற்றைப் பிசைந்தது. தூக்கம் வந்தால் காலைக் கிளையில் அழுத்திக்கொண்டாள். வெயில் ஏற ஏறக் கண் இருட்டியது. மணிப்புறா ஒன்று பறந்து வந்ததைப் பார்த்து வல்லூறு என்று கத்திவிட்டாள். எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடி, முள்ளில் கீறிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"என்னக்கா, கண்ணு தெரியலையா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"எல்லாம் தெரியுது" என்றாள். பொய். பனைமரமே அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது.

பனையில் இருந்த வல்லூறு அந்தப் புறாவைப் பார்த்தது. வீறாயி கத்தியதையும் கேட்டது. மெல்ல இறகை உதறிக்கொண்டது.

உச்சிவேளையில் குஞ்சுகள் நிழலை விட்டுத் தள்ளி, பொட்டல் வெளிக்குப் போய்விட்டன. பக்கத்தில் ஒரு முள்செடிகூட இல்லை. வீறாயி பனையைப் பார்த்தாள். மட்டைகளுக்கு நடுவே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அது வல்லூறா, காய்ந்த ஓலையா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. சும்மா இருந்தால் குஞ்சுகளின் உயிர் போய்விடும். மறுபடி தப்பாகக் கத்தினால், அடுத்த முறை ஒருவரும் நம்பமாட்டார்கள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வல்லூறு காதிலும் விழுமே! வல்லூறுக்கு நேரே உட்காரப் பயப்படாதவள், இதைச் சொல்லப் பயந்தாள்.

ஆனாலும் சொன்னாள்.

"என்னால முடியல! எனக்குக் கண்ணு தெரியல, பசி தாங்கல. யாராச்சும் மேல வாங்க!"

கீழே எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பனையோலை சரசரத்தது.

புதருக்குள்ளிருந்து மாயாண்டி கிளம்பினான். வால் இல்லாத குருவி பறந்தால் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கோணலும் மாணலுமாக, கிளைக்குக் கிளை முட்டி மோதி, அவள் பக்கத்தில் வந்து விழுந்தான்.

"எந்தப் பக்கம்க்கா?"

"தெரியலடா. நீதான் பாக்கணும்."

பார்த்தான். பனை காலி. வானமும் காலி. அப்புறம்தான் கண்மாய்க்கரையை ஒட்டி, தரையோடு தரையாக வந்துகொண்டிருந்த உருவத்தைக் கண்டான். அவன் வாலைப் பிடுங்கிய அன்றும் அது அப்படித்தான் வந்தது.

"கரைப்பக்கம்! கீழயே வருது! குஞ்சுகளப் பாருங்க!"

முள்ளுக்குள் ஓட நேரம் இல்லை. முன்பு கண் தெரியவில்லையா என்று சிரித்தாளே, அவள்தான் முதலில் பொட்டலுக்குப் பாய்ந்து குஞ்சுகள் மேல் சிறகை விரித்தாள். மற்றவர்களும் பாய்ந்து சுற்றி நின்றார்கள். அதுவரை சத்தம் போடவே பயந்த குருவிகள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். ஒரு குருவியைத் தூக்குவது எப்படி என்று வல்லூறுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி அலகும் கூச்சலுமாக நிற்கும் கூட்டத்தை அது கண்டதே இல்லை. தடுமாறித் திரும்பி வேலமரத்தில் மோதியதில் முள் குத்தி இறக்கை கிழிந்தது. கண்மாயைத் தாண்டிப் போனது, திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு குஞ்சும் குறையவில்லை. ஆனால் வீறாயி கிளையை விட்டு அசையவில்லை.

"அது திரும்பி வரும்டா. இன்னும் கொஞ்ச நேரம் நானே..."

"நான் இருக்கேன்ல. நீ எறங்குக்கா."

"நீ பயந்தவன்டா, மாயாண்டி."

"ஆமா, பயந்தவன்தான். பயந்தவன் நல்லாப் பாப்பான். எறங்கு, போயி சாப்பிடு."

அவள் கேட்பதாக இல்லை. கீழே இருந்தவர்கள் கிளைக்கே ஏறி வந்து, "எறங்குக்கா! சாப்பிடுக்கா!" என்று கத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெட்டித் தள்ளி இறக்கினார்கள். வாயில் பூச்சியை ஊட்டினார்கள். கழுத்து இறகைக் கோதிவிட்டார்கள். இரண்டு பேர் நடுவே சாய்ந்து அவள் தூங்கிப்போனாள். சற்று நேரத்தில் இன்னொருத்தி மேலே பறந்தாள். "மாயாண்டி, போதும், நீ எறங்கு" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான் அவன். உடனே மறுபடியும் ஒரே கூச்சல்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகளில் ஒன்று கிளையில் காவல் இருக்க, மற்றவை கீழே இரை பொறுக்குகின்றன, காவலும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. அவை கத்துகிற கத்தலைக் கேட்டு, சண்டை போடுகின்றன என்று நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். சண்டைதான். மேலே இருக்கும் ஆளை, "போதும், எறங்கி வந்து சாப்பிடு" என்று கூப்பிடுகிற சண்டை.